அக்கா முகத்து மங்கு

அக்கா, கேட்கிறதா அக்கா? நாளை மறுநாள் உன் பதினாறாம் நாள் காரியம். மாலை போட உன் படம் வேண்டும். லீவு சொல்ல அலோர் ஸ்டாருக்குப் போனபோது, படம் அச்சடிக்கிற கடையில் என் கைப்பேசியிலிருந்த உன் படத்தைக் கொடுத்தேன். கடைக்கார அண்ணன் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"மூஞ்சில லேசா கருப்பு தெரியுதே தங்கச்சி, எடுத்துரட்டுமா? கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிசம்தான் லா."

"வூட்ல கேட்டுட்டுச் சொல்றேண்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன். ஒரு மலாய்க்கார மாது டிஷ்யூ கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் மாமா எடுக்கச் சொல்கிறார். எனக்கு எடுக்க மனசில்லை. யார் சொல்வது சரி என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். கேட்க முடியவில்லை. அதனால் உன் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுவது. தப்பு இருக்கும். நீ திட்ட மாட்டாய்.

படிக்கிறவர்களுக்கு அக்காவைத் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு என்னை வளர்த்தது அக்காதான். கல்யாணமாகிப் போகும்போது துணிப்பெட்டியோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவளைக் கட்டிய மாமா அதற்கு ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. பண்டார் பாரு பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்று. மாமா குலை வெட்டுவார். அக்கா மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் சேர்ப்பாள். நான் பெரியவளானதும் அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் ஒரு மினி மார்க்கெட்டில் வேலை கிடைத்தது. அங்கேயே அறை எடுத்துத் தங்கினேன். மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவேன்.

பாப்பா வயிற்றில் இருந்தபோதுதான் அக்காவுக்கு மங்கு வந்தது. கன்னம் இரண்டிலும், நெற்றியிலும், மேலுதட்டுக்கு மேலேயும். தே-ஓ, அதாவது பால் ஊற்றாத தேநீர், சிந்திக் காய்ந்த மாதிரி இருக்கும். மலாய்க்காரர்கள் இதை ஜெராகாட் என்பார்கள். பிள்ளை பிறந்ததும் போய்விடும் என்றார்கள். பாப்பா பிறந்து, தவழ்ந்து, நடந்து, பாலர் பள்ளிக்கும் போய்விட்டாள். மங்கு மட்டும் போகவில்லை.

தோட்டத்தில் ஒரு காதுகுத்து. பக்கத்து வீட்டு அத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்னாடி, மூஞ்சில மேப்பு வரைஞ்சி வச்சிருக்க?" என்றார்.

"ஆமாத்த, உங்க வூட்டுக்கு வழி மறந்துரக் கூடாதுல்ல" என்றாள் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அத்தையும் சிரித்தார். ஆனால் குடும்பமாக நின்று படம் எடுக்கும்போது அக்கா மெதுவாக வெளியே வந்துவிட்டாள். "குடு, நான் எடுக்குறேன்" என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து எந்த விசேஷம் என்றாலும் அவள்தான் படம் எடுப்பாள். பாப்பாவின் பிறந்தநாள் படங்கள் அத்தனையும் இருக்கின்றன. ஒன்றில்கூட அவளைப் பெற்றவள் இல்லை.

அக்கா போடாத வைத்தியம் இல்லை. எலுமிச்சம்பழம், தயிர், கடலை மாவு, உருளைக்கிழங்கு. பீர்க்கங்காய் நாரை எடுத்துத் தோல் சிவக்கத் தேய்ப்பாள். அழுக்காக இருந்தால் போயிருக்கும்.

அப்புறம் நான் செய்த காரியம்.

மெர்கோங்கில் என்னோடு வேலை செய்த ஒரு பெண், முகத்துக்குப் போடுகிற கிரீம் விற்றாள். சின்ன வெள்ளை டப்பா. யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றும் எழுதியிருக்காது. மூடியில் தங்க நிறத்தில் ஒரு நிலா ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். அதை வாங்கி, பரிசு மாதிரி சுற்றி அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அக்கா முகம் அவித்த முட்டையை உரித்த மாதிரி ஆகிவிட்டது. போனில் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"ஏய், அடுத்த மாசம் சின்னமாமா வூட்டுக் கல்யாணம்ல, நானும் போட்டோல நிக்கப் போறேன். பச்ச சேல கட்டவா, ஊதா கட்டவா?"

"ஊதாக்கா."

"பச்சதான் எனக்கு எடுப்பா இருக்கும்."

"அப்புறம் ஏன்க்கா கேக்குற?"

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது டப்பா தீர்ந்தது. புதுசு வருவதற்குள் முகம் எரிய ஆரம்பித்துச் சிவந்து தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் முன்பைவிடப் பெரிதாகக் கருப்பு வந்தது. கண்ணுக்குக் கீழே, அதுவரை இல்லாத இடத்திலும் வந்தது. கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. பச்சைச் சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். நான் ஓடி வந்து பார்த்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேறு யாராவது என்றால் என் முகத்தில் காறித் துப்பியிருப்பார்கள்.

"உன் நிலா தேஞ்சி போச்சிடி" என்றாள் அக்கா. "எந்திரி. சோறு போடறேன்."

அடுத்த திங்கட்கிழமை லீவு போட்டு அவளை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மலாய்க்கார டாக்டரம்மா, சின்ன வயசுதான். பக்கத்தில் ஒரு தமிழ் மிஸி. நர்சை நாங்கள் மிஸி என்றுதான் சொல்வோம். இதுவரை என்ன போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதும் அக்கா எலுமிச்சம்பழம், தயிர் என்று அடுக்கினாள். கிரீமைப் பற்றி வாயே திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. நானே சொல்லிவிட்டேன். டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பெயர் எழுதாத கிரீமில் பாதரசம் இருக்கலாம், தோலை மெலிசாக்குகிற மருந்து இருக்கலாம், முதலில் வெளுக்கும், நிறுத்தினால் இப்படித்தான் திருப்பி அடிக்கும் என்றார். இனி அதைத் தொடாதீர்கள், நாரால் தேய்ப்பதையும் நிறுத்துங்கள், தேய்த்தால் இன்னும் கருக்கும் என்றார்.

பிறகுதான் மங்கு என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரிந்தது. அது அழுக்கு இல்லை. யாருக்கும் தொற்றாது. கல்லீரல் கெட்டதால் வருவது என்று ஊரில் சொல்வதும் சரியில்லை. தோலுக்குள் நிறம் செய்கிற இடம் கொஞ்சம் அதிகமாக வேலை செய்கிறது. பிள்ளை உண்டாகும்போது உடம்பில் நடக்கிற மாற்றம் அதைத் தட்டி எழுப்பும். சிலருக்குக் குடும்பத்திலேயே இருக்கும். பிள்ளை வேண்டாம் என்று சாப்பிடுகிற மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம். இதைக் கேட்டதும் அக்கா தரையைப் பார்த்தாள். மாமாவுக்கே தெரியாமல் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரியும். அதை வேறு வழிக்கு மாற்றலாம் என்று டாக்டர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஆனால் எல்லாவற்றையும்விட வெயில்தான் பெரிய காரணம் என்றார்.

"வெயிலா? நான் மூஞ்சிய மூடிக்கிட்டுத்தானே வேலை செய்றேன்? அதுவும் மரத்தடியில. அங்க வெயில் ஏது?" என்றாள் அக்கா.

எங்கள் தோட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் இதே நினைப்புதான். பழைய டி-சட்டையின் கழுத்து வழியாகக் கண் மட்டும் தெரிகிற மாதிரி தலையை நுழைத்து, சட்டைக் கைகளைத் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். அதிலும் துவைத்துத் துவைத்து நைந்துபோன சட்டையாகத் தேடி எடுப்பார்கள். அதில்தான் காற்று வரும். அக்காவுடையது வெள்ளைச் சட்டை. பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். டாக்டர் அதை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், தன் முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்தார். துணிக்குப் பின்னால் அவருடைய கண், மூக்கு, மூக்குக்கண்ணாடி எல்லாம் தெரிந்தது. மலாயில் கேட்டார். மிஸி தமிழில் சொன்னார்.

"என்னையத் தெரியுதான்னு கேக்குறாங்க."

"தெரியுது டாக்டர்."

"அப்ப வெயிலுக்கும் உங்களத் தெரியுமாம்."

அக்கா வாயில் கைவைத்துச் சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். துணி நெருக்கமாக, கருப்பாக இருக்க வேண்டும், அதற்கு மேலே அகலமான தொப்பி, அதற்கும் முன்னால் முகத்தில் சன்ஸ்கிரீன் என்றார். இரவில் மட்டும் போட ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். தான் சொல்கிற மாதம் வரைக்கும்தான் அதைப் போட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

கிளம்பும்போது அக்கா திரும்பி நின்று கேட்டாள். "முழுசா போயிருமா டாக்டர்?"

"கொறையும். முழுசா போயிரும்னு சொன்னா பொய்யாயிரும். வெயில்ல விட்டா திரும்பி வரும். நீங்கதான் பாத்துக்கிட்டே இருக்கணும்."

மோட்டாரில் வரும்போது அக்கா என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "பொய் சொல்லல பாத்தியா? நல்ல டாக்டருடி" என்றாள்.

அந்த டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தினமும் கண்ணாடி பார்க்கிறவர்களுக்குக் குறைவது தெரியாது, மனசு விட்டுப்போகும். அதனால் மாதம் ஒரு படம் எடுங்கள், ஒரே இடம், ஒரே வெளிச்சம், பவுடர் இல்லாமல். நாங்கள் அடுப்படி ஜன்னலைத் தேர்ந்தெடுத்தோம். நான் வீட்டுக்கு வருகிற நாளில் காலை எட்டு மணிக்கு அக்கா அங்கே வந்து நிற்பாள். முதல் படத்தில் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி இருப்பாள்.

"அப்பிடி மொறைக்காதக்கா."

"இந்த மூஞ்சிக்குச் சிரிப்பு வேறயா? எடுத்துத் தொல."

யாருக்கும் காட்ட மாட்டேன் என்று பாப்பா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் நின்றாள்.

சன்ஸ்கிரீன் போடுவது அவ்வளவு சுலபமாக வரவில்லை. முதலில் அக்கா அதைப் பவுடர் மாதிரி நாலு புள்ளி வைத்துத் தடவிக்கொண்டாள். அடுத்த தடவை கிளினிக்கில் மிஸி அவள் கையைப் பிடித்து, சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை பிதுக்கிக் காட்டினார். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டுமாம்.

"இவ்ளோவா? செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கவா மிஸி?"

மறுநாள் பெரட்டில், அதாவது விடியற்காலையில் வேலைக்காரர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடத்தில், எங்களை வேலை வாங்குகிற மண்டோர் கையிலிருந்த டார்ச்சை அக்கா முகத்தில் அடித்தார்.

"ஐயோ சாமி! யாரும்மா இது, முனியா?"

"மண்டோர்ணே, பேரக் கூப்புட வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றாளாம் அக்கா.

வரிசையே சிரித்ததாம். மாமா மட்டும் சிரிக்கவில்லையாம். அடுத்த தடவை டாக்டர் தோல் நிறத்திலேயே உள்ள சன்ஸ்கிரீனைச் சொன்னார். அது வெள்ளையாகத் தெரியாது என்பதற்காக மட்டும் இல்லை. மங்கைக் கருக்க வைக்கிற வெளிச்சத்தில் ஒரு பகுதியைச் சாதாரண சன்ஸ்கிரீன் சரியாகத் தடுக்காது, இந்த நிறமுள்ளது தடுக்கும் என்றார். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போட வேண்டும். அக்கா கைப்பேசியில் சேவல் கூவுகிற மாதிரி அலாரம் வைத்துக்கொண்டாள். சேவல் கூவினால் கையுறையைக் கழற்றி, கை கழுவி, வியர்வையைத் தேய்க்காமல் துண்டால் ஒற்றி, திரும்பப் போடுவாள். பக்கத்து நிரையில் வேலை செய்கிறவர்கள், "ஏய், உன் கோழி கூப்புடுது" என்று கத்துவார்கள். கொஞ்ச நாளில், "எனக்கும் ஒரு விரலு குடேன்" என்று கை நீட்டினார்கள். மேப்பு வரைந்திருக்கிறாய் என்று சொன்ன அத்தையும் கை நீட்டினார். அக்கா அவருக்கு இரண்டு விரல் நிறையக் கொடுத்தாள்.

ஐந்தாவது படத்தில் மங்கு திரும்பக் கருத்திருந்தது. "மருந்து போடுறியா? கிரீம் போடுறியா?" என்று கேட்டேன். எல்லாம் போடுகிறேன் என்றாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. பேசிக்கொண்டே துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வெறும் முகத்தோடு கொடிக்குப் போனாள். பத்து மணி வெயில். ஒரு மணி நேரம் துணி காயப்போட்டு, மிளகாய் காயப்போட்டு, பக்கத்து வீட்டோடு கதை பேசினாள்.

"அக்கா, கிரீமு எங்கக்கா?"

"இன்னிக்கி வேலை இல்லியேடி."

"நமக்குத்தான் லீவு. சூரியனுக்குமா லீவு?"

கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை பொது விடுமுறை என்று மனசுக்குள் எண்ணியிருப்பாள். வெயில் என்றால் வேலை என்றே எங்களுக்குப் பழகிவிட்டது. சம்பளம் இல்லாத நாளில் காய்கிற வெயிலை நாங்கள் வெயில் என்று நினைப்பதில்லை. அதற்குப் பிறகு காலையில் பல் விளக்குகிற மாதிரி சன்ஸ்கிரீன் போட்டாள். மழை நாளிலும் போட்டாள்.

கோயில் திருவிழாவில் ஒரு சிக்கல் வந்தது. எனக்கு நல்லபடியாக வேலை நிலைக்க வேண்டும் என்று அக்கா பால்குடம் வேண்டியிருந்தாள். ஊர்வலம் கிளம்பவே பத்து மணி ஆகும். தலையில் குடம் இருக்கும், தொப்பி போட முடியாது. குளித்து மஞ்சள் பூசிச் சுத்தமாக இருக்கிற முகத்தில் கிரீம் தடவலாமா என்று அவளுக்குப் பயம். பூசாரியிடமே போய்க் கேட்டாள்.

"எது மருந்து, எது மேக்கப்புன்னு ஆத்தாளுக்குத் தெரியாதா?" என்றார் பூசாரி. "தடவிட்டு வா. பாலு கீழ சிந்துனா மட்டும் சொல்லு."

ஊர்வலம் முழுக்க நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். குடத்துக்கும் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும், கை இரண்டும் மரத்துப்போனது. "ராணியம்மா வர்றாங்க, தள்ளு தள்ளு" என்று பின்னாலிருந்து ஒரே கிண்டல். குடம் ஆடிவிடுமே என்று அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டே நடந்தாள். எனக்காக நேர்ந்துகொண்டதற்கு நான் கொடுக்க முடிந்தது அந்த நிழல் மட்டும்தான்.

பதினான்காவது படம் அதற்கு அடுத்த வாரம் எடுத்தது. மங்கு போய்விடவில்லை. ஆனால் தேடிப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் காலையில் பாப்பா தொப்பியையும் மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு விரலில் பற்பசையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து அக்கா சிரித்த நேரத்தில் எடுத்துவிட்டேன். படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பரவால்லியே" என்றாள். "இந்தத் தீவாளிக்கு எல்லாரும் சேந்து ஒரு போட்டோ எடுப்போம். போன என்கிட்ட குடுக்காத. வேற யார்கிட்டயாச்சும் குடு."

தீபாவளி வரவில்லை அக்கா. காய்ச்சல்தான் வந்தது. டெங்கி என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "என் கிரீமு கொண்டாந்தியா?" என்று கேட்டாய்.

"ஆஸ்பத்திரிக்குள்ள என்னாக்கா வெயிலு?"

"ஜன்னல் பக்கத்துக் கட்டில்டி."

நான்தான் போட்டுவிட்டேன். இரண்டு விரல். உன் முகம் நெருப்பாகச் சுட்டது. தேய்க்காதே, ஒற்று என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய். நான்காம் நாள் போய்விட்டாய்.

இதுவரை எழுதியிருந்தபோது மாமா மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். அக்கா போனதிலிருந்து அவர் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டுக் கேட்டேன். "மாமா, கடையில கேக்குறாங்க. என்னா சொல்லட்டும்?"

"எடுத்துரச் சொன்னேனே. அத நெனச்சி எம்புட்டு அழுதிருப்பா, ஒனக்குத் தெரியாது. போனப்புறமாச்சும் அவ ஆசப்பட்ட மூஞ்சி இருக்கட்டும்."

அவர் சொல்வது பொய் இல்லை. அக்கா அதைத்தான் ஆசைப்பட்டாள். சத்தியத்தை மீறிக் கைப்பேசியைத் திறந்து, பதினான்கு படங்களையும் அவர் கையில் கொடுத்தேன். அவர் அதுவரை அவற்றைப் பார்த்ததில்லை. சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடதுகை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடைசிவரை போனார். திரும்ப முதல் படத்துக்கு வந்தார்.

"இம்புட்டு கருப்பாவா இருந்திச்சி?"

"ஆமா மாமா."

"நான் இப்பிடிப் பாக்கவே இல்லியே."

"இத்தன மாசமா அவளே கொறச்சிக்கிட்டா மாமா. மிச்சம் இருக்குறத கம்ப்யூட்டரு ரெண்டு நிமிசத்துல எடுத்துருச்சின்னா, அவ செஞ்சது எங்க இருக்கும்?"

மாமா, நான் கடையில் கொடுத்திருந்த பதினான்காவது படத்தைப் பெரிதாக்கி, கன்னத்தில் லேசாக இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் தொட்டார். பிறகு கைப்பேசியை என் பக்கம் தள்ளினார். "கை வைக்க வேணாம்னு சொல்லிரு. இருக்குற மாரியே போடட்டும்."

இப்போதுதான் கடைக்கார அண்ணனுக்குப் போன் செய்தேன். ஒன்றும் எடுக்காதீர்கள், வெளிச்சம்கூடக் கூட்டாதீர்கள் என்றேன். "நல்லா யோசிச்சியா தங்கச்சி?" என்று கேட்டார். யோசித்துவிட்டோம் என்றேன். நாளைக் காலை முதல் ரயிலில் போய் வாங்கி வர வேண்டும்.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. உங்கள் வீட்டில் விளக்கு ஏற்றும்போதோ, தொழும்போதோ, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலோ, எங்கள் அக்காவை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், தோட்டத்தில் பழம் பொறுக்கிய ஒரு அக்கா என்றால் போதும். அவள் ஆத்மா எரிச்சல் இல்லாத, குளிர்ந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.